பெண் கடலுக்கு அன்றைக்கு என்ன கோபம்? – இராமநாதபுரம் கடற்கரைப் பயணத்தில் கண்ட சின்னச் சின்ன விஷயங்கள்

வைகைக்கரை | 2 ஜனவரி 2025

அரையாண்டு விடுமுறையில் மதுரையிலிருந்து காரில் இராமேஸ்வரம் போய் வந்தோம். நான், வீட்டுக்காரர், நாலாம் வகுப்பு மகள், ஒன்றாம் வகுப்பு மகன், அத்தை என ஐந்து பேர். கோயில், தங்குமிடம், சாப்பாடு பற்றியெல்லாம் இந்த இணைய மன்றத்தில் ஏற்கனவே நிறைய இழைகள் இருக்கின்றன. போகிற வழியில் கண்ணில் பட்டு, ஊர் திரும்பியும் மனதை விட்டுப் போகாத விஷயங்களை மட்டும் எழுதுகிறேன். உங்களுக்கும் அப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

முதலில் அரிச்சல்முனை. தார்ச்சாலை முடிகிற இடத்தில் அவித்த கடலை விற்றுக்கொண்டிருந்தவர், "இடது பக்கம் பெண் கடல், சாது. வலது பக்கம் ஆண் கடல், பொல்லாதது" என்றார். அங்கே வருகிற எல்லோருக்கும் சொல்லப்படுவதுதான். மகள் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள். அன்றைக்கு இடது பக்கம்தான் கொந்தளித்துக்கொண்டிருந்தது. கலங்கிய தண்ணீர், குட்டை குட்டையாக ஓயாத அலை. காற்றில் வந்த மணல் கெண்டைக்காலில் ஊசி மாதிரி குத்தியது. வலது பக்கமோ எங்கள் ஊர்க் கண்மாய் போலக் கிடந்தது.

"பெண் கடலுக்கு இன்னைக்கு என்னம்மா கோபம்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. இங்கே யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், அவளிடம் படித்துக் காட்டுகிறேன்.

இரண்டாவது, ஊர்ப் பெயர்கள். பாம்பன் தாண்டியதும் அக்காள்மடம். அடுத்து தங்கச்சிமடம். மகன் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு, "தம்பிமடம் எப்ப வரும்?" என்று இராமேஸ்வரம் வரைக்கும் ஒவ்வொரு பலகையாகப் பார்த்துக்கொண்டே வந்தான். தங்கச்சிமடத்தில் மல்லிகைக் கன்று விற்பதைப் பார்த்து அத்தை வண்டியை நிறுத்தச் சொன்னார். அந்த மணல் பூமியில் வேர்விட்ட கன்று எங்கே நட்டாலும் பிடித்துக்கொள்ளும் என்று விற்றவர் சொன்னார். ஐந்து கன்று வாங்கி, ஈரச் சாக்கில் சுற்றி, மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

மூன்றாவதுதான் எனக்குப் பெரியது. பழைய தனுஷ்கோடியில் கீற்றுக் கொட்டகை போட்டு மீன் வறுத்து விற்கும் ஒரு அம்மாவிடம் மகன் தண்ணீர் கேட்டான். அவர் எங்களைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போனார். மணலில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி. அடியில் ஒரு சாண் தண்ணீர். குடத்தை முக்கினால் மண் கலங்கும் என்று, குந்தி உட்கார்ந்து சிரட்டையால் மேலாக மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றினார். மூன்று சிரட்டை எடுத்ததும் நிறுத்திவிட்டார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கவாட்டு மணலில் இருந்து தண்ணீர் கசிந்து, வட்டம் மெதுவாக நிரம்பியது. மறுபடி மூன்று சிரட்டை. கடல் அங்கிருந்து நாற்பது ஐம்பது தப்படிதான். குடித்துப் பார்த்தேன். உப்பு துளியும் இல்லை, லேசான மண் வாசம். அவசரமாக ஒரு பாட்டிலை நிரப்பப் போன என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்து, "ஊறட்டும் தம்பி" என்றார் அந்த அம்மா. அந்த இரண்டு சொல்லை இன்னும் வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

தெற்குவாடி | 2 ஜனவரி 2025

அக்கா, நான் பாம்பன்காரன். வள்ளத்தில் போகிற குடும்பம். உங்கள் மகள் சரியாகத்தான் பார்த்திருக்கிறாள், பாப்பாவிடம் சொல்லுங்கள்.

பெண் கடல், ஆண் கடல் என்பதெல்லாம் வருகிறவர்களுக்குச் சொல்வது. வீட்டில் நாங்கள் வடகடல், தென்கடல் என்றுதான் பேசுவோம். வடகடல் என்றால் பாக் நீரிணை, தென்கடல் என்றால் மன்னார் வளைகுடா. எது சாது, எது பொல்லாதது என்பதைக் காற்றுதான் முடிவு செய்யும். ஐப்பசியில் இருந்து தை, மாசி வரைக்கும் வாடை. வடகிழக்கில் இருந்து வருகிற காற்று நேரே வடகடலில்தான் அடிக்கும். தீவு குறுக்கே படுத்துக் கிடப்பதால் தென்கடல் அதன் மறைவில் அமைதியாக இருக்கும். நீங்கள் வந்தது மார்கழி நடுவில், நல்ல வாடை. சித்திரை, வைகாசி தாண்டித் தென்மேற்கில் இருந்து கச்சான் காற்று எடுத்துவிட்டால் எல்லாம் தலைகீழ். ஆனி ஆடியில் தென்கடல் பக்கம் நின்றால் பேச்சுக் குரல் கேட்காது. வடகடல் தட்டில் ஊற்றிய தண்ணீராக இருக்கும்.

எங்கள் ஊரில் வடக்குவாடி, தெற்குவாடி என்று இரண்டு துறை இருப்பது இதனால் எவ்வளவு வசதி என்று கடலுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். என் அப்பா காற்று மாறும்போது வத்தையை (நாட்டுப் படகை) பாலத்துக்கு அடியில் கொண்டுபோய் மறுபக்கம் கட்டுவார். எந்தத் தேதியில் என்று காலண்டர் பார்க்கமாட்டார். விடியற்காலை வாசலில் நின்று கழுத்தின் எந்தப் பக்கம் குளிர்கிறது என்று பார்ப்பார், அவ்வளவுதான்.

நெய்தல்_வாத்தியார் | 3 ஜனவரி 2025

தெற்குவாடி தம்பி சொன்னது அத்தனையும் சரி. புவியியல் பாடம் நடத்தியவன் என்ற முறையில் இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

பாக் நீரிணைப் பக்கம் ஆழம் மிகக் குறைவு. பெரும்பாலான இடங்களில் பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குள்தான். ஆழமில்லாத தண்ணீரில் காற்று அடித்தால் அடிச்சேறு கிளம்பிக் கலங்கும், அலை குட்டையாக, நெருக்கமாக எழும். பாப்பா பார்த்தது அதைத்தான். மன்னார் வளைகுடா ஆழமானது. அது எழும்பினால் அலை நீளமாக, உயரமாக வரும்.

இன்னொன்று, மணலில் ஊறும் தண்ணீர். மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் கடல் தண்ணீரின் மேல் மிதக்கிறது. உப்புத் தண்ணீர் கனம், நல்ல தண்ணீர் லேசு. அதனால் மேலாகத் தோண்டினால் நல்ல தண்ணீர். ஆசைப்பட்டு ஆழமாகத் தோண்டினாலோ வேகமாக இறைத்தாலோ அடியில் இருக்கும் உப்பு மேலே வந்துவிடும். அந்த அம்மா மூன்று சிரட்டையோடு நிறுத்திக் காத்திருந்தது அதனால்தான். தங்கச்சிமடம் பக்கம் வில்லூண்டி தீர்த்தத்தில் கடலுக்குள்ளேயே கிணறு, நல்ல தண்ணீர். அதையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

அரிச்சல்முனையில் எந்தப் பக்கம் அமைதியாகத் தெரிந்தாலும் இறங்கிக் குளிக்கவே கூடாது. கரை சட்டென்று ஆழமாகிவிடும், இழுப்பும் அதிகம். அங்கே குளிக்கத் தடை இருப்பது காரணத்தோடுதான். "சாதுக் கடல்" என்ற சொல்லை நம்பிக் குழந்தையோடு இறங்குகிறவர்களைப் பார்க்கும்போது வயிற்றைப் பிசைகிறது.

சாயல்குடி_மருமகள் | 3 ஜனவரி 2025

தண்ணீர் என்றதும் என்னால் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தவள். வாய்க்காலில் குதித்து வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த புதிதில் இங்கே முதலில் கண்ணில் பட்டது தள்ளுவண்டி. வரிசையாகக் குடம் உட்காருகிற அளவுக்குச் சட்டம் அடித்த சின்ன வண்டி. அநேகமாக எல்லா வீட்டு வாசலிலும் ஒன்று நிற்கும், மற்ற ஊர்களில் சைக்கிள் நிற்கிற மாதிரி. காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்த பிறகும் அந்த வண்டி போகவில்லை.

எங்கள் வீட்டில் அத்தை, விருந்தாளி வந்தால் சொம்பு நிறையத் தண்ணீர் கொடுத்து, குடித்து முடிக்கும் வரைக்கும் எதிரிலேயே நிற்பார். மிச்சம் வைத்தால் அந்த மிச்சம் செடிக்குப் போகும், சாக்கடைக்குப் போகாது. என் அண்ணன் பிள்ளைகள் ஒருமுறை தஞ்சாவூரில் இருந்து வந்திருந்தார்கள். நாலு நாள் இருந்துவிட்டுப் போனார்கள். ஊருக்குப் போனதும் பெரியவன் குழாயைத் திறந்துவிட்டுப் பல் தேய்ப்பதை நிறுத்திவிட்டான் என்று அண்ணி போனில் சொன்னார். யாரும் அவனுக்கு எதுவும் சொல்லவில்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழக்கரை தாண்டி ஏர்வாடி, சாயல்குடி வழியாகத் தூத்துக்குடி போகிறவர்கள் பங்குனி, சித்திரையில் போய்ப் பாருங்கள். சாலையோரம் களத்தில் முண்டு மிளகாய் காயும். குண்டு குண்டாக, மணி மாதிரி. 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது இந்த வத்தலுக்குத்தான். கார்க் கண்ணாடியை இறக்கினால் வரிசையாக எல்லோருக்கும் தும்மல் வரும். அப்புறம் பனங்காடு. பனை ஓலைப் பட்டையில் பதநீர் வாங்கி இரண்டு கையாலும் ஏந்திக் குடிக்கும்போது, பட்டையின் மடிப்பு வழியாக முழங்கை வரை ஒழுகும். டம்ளரில் குடித்தால் அந்த வாசம் வராது.

ஓட்டுமாவு | 4 ஜனவரி 2025

கீழக்கரையில் இருந்து எழுதுகிறேன். ராத்தா, நீங்கள் தனுஷ்கோடி போன அதே வாரம்தான் நாங்களும் போனோம். வாப்பாவுக்கு எழுபத்தைந்து வயது. பத்து வயதில், அவருடைய வாப்பாவோடு கொழும்புக்குப் போனது தனுஷ்கோடி வழியாகத்தான். எழும்பூரில் ஏறினால் ரயில் நேரே தனுஷ்கோடித் துறைக்கு வரும், இறங்கிக் கப்பல் ஏறினால் தலைமன்னார், அங்கிருந்து மறுபடி ரயில். போட் மெயில் என்ற பெயர் அதனால் வந்ததுதான். இர்வின், கோஷன் என்று இரண்டு கப்பல்கள் ஓடின. வாப்பா போனது எந்தக் கப்பல் என்று அவருக்கு நினைவில்லை. ஆனால் கப்பலில் உம்மா கட்டிக்கொடுத்த தொதல் என்கிற இனிப்பைப் பிரித்ததும், பக்கத்தில் இருந்த யாரோ ஒரு பையனுக்கும் பங்கு கொடுக்க வேண்டி வந்ததும், தனக்குக் குறைந்துபோனதும் நன்றாக நினைவிருக்கிறது. அறுபத்தைந்து வருடம் கழித்தும் அந்தத் துண்டின் அளவை விரலில் காட்டுகிறார்.

ஸ்டேஷன் இருந்த இடத்தில் இறங்கியதும் வாப்பா எங்களோடு வரவில்லை. தனியாக ஒரு திசையில் நடந்தார். கொஞ்ச தூரம் போய் நின்றார். திரும்பினார். மறுபடி வேறு திசையில் நடந்தார். போகிறேன் என்று எழுந்த மகனைத் தடுத்துவிட்டேன். கால் மணி நேரம் கழித்து வந்து, "தண்ணி இவ்வளவு கிட்டத்துல இல்ல" என்று மட்டும் சொன்னார். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் ஸ்டேஷன், தபால் ஆபீஸ், சுங்க ஆபீஸ், பள்ளிக்கூடம், கோயில், சர்ச் எல்லாம் போயின. பாம்பனில் இருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயில் அப்படியே கடலோடு போனது, நூற்றுக்கு மேற்பட்ட ஆட்களோடு. புயல் முடிந்து சரியாக அறுபது வருடம் ஆன வாரத்தில் நாங்கள் அங்கே நின்றோம். வேண்டுமென்று திட்டமிடவில்லை, பிள்ளைகளின் லீவு அப்படி அமைந்தது.

கல்லும்_மணலும் | 4 ஜனவரி 2025

ஓட்டுமாவு அண்ணன் எழுதியதைப் படித்தபின் என் மனக்குறையைச் சொல்கிறேன். அந்தச் சர்ச் சுவருக்கு முன்னால் ஆட்கள் குதித்துக் குதித்துப் படம் எடுக்கிறார்கள். பிள்ளைகள் உள்ளே ஓடிப்பிடித்து விளையாடுகிறார்கள். அத்தனை பேர் செத்த இடம். ஐந்து நிமிடமாவது அமைதியாக நிற்கச் சொல்லிக்கொடுக்கக் கூடாதா? நான் என் பிள்ளைகளை அங்கே சத்தம் போடவிடவில்லை.

ஓட்டுமாவு | 4 ஜனவரி 2025

உங்கள் மனம் புரிகிறது. சுவரில் ஏறி நிற்பதும் கல்லைப் பெயர்ப்பதும் தப்புதான், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. பிள்ளைகள் ஓடுவதில் மட்டும் எனக்கு வேறு எண்ணம். அன்றைக்கு என் மகள் ஓடியபோது நானும் அதட்டப் போனேன். வாப்பா விடவில்லை. "நான் வந்தப்ப இங்க புள்ளைங்க ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு" என்றார். அவர் பார்த்த ஊரில் பள்ளிக்கூடம் இருந்தது, மணி அடித்தது, தெருவில் கோலி விளையாடினார்கள். அவர் மனதில் இருப்பது அந்த ஊர். நாம் பார்ப்பது வெறும் சுவர்.

கல்லும்_மணலும் | 5 ஜனவரி 2025

இரண்டு தடவை படித்தேன். படம் எடுக்கிறவர்கள் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. பிள்ளைகள் விஷயத்தில் யோசிக்கிறேன்.

அந்தச் சுவரைக் கிட்டத்தில் பார்த்தீர்களா? கல்லில் எல்லாம் பூப்போலக் கோடு கோடாக இருக்கும். செங்கல் இல்லை, பவளப்பாறை. அந்தக் காலத்தில் இந்தக் கரையில் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் கடலில் இருந்து பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குச்சல்லியும் தண்ணீருக்குள் போனதற்கு அப்படி வெட்டியதுதான் முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. என் மகன் கரையில் கிடந்த ஒரு துண்டைப் பையில் போட்டுவிட்டான். செத்த பவளமாக இருந்தாலும் எடுத்துப்போகக் கூடாது, வனவிலங்குச் சட்டம் இருக்கிறது என்று சொன்னதும் அழுதான். பிறகு அவனே அதை ஈரமணலில் பள்ளம் பறித்து, மேடான பக்கம் மேலே வரும்படி வைத்துவிட்டு வந்தான். கார் கிளம்பும் வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

மானாமதுரை_பிளாட்பாரம் | 6 ஜனவரி 2025

இழை நன்றாகப் போகிறது. ரயிலில் கண்ட ஒன்று. பாம்பனில் பழைய பாலத்தில் ரயில் ஓடிய காலம், 2019 என்று நினைவு. எதிர் சீட்டில் வடநாட்டுக் குடும்பம். பெரியவர் மடியில் வாய் அடைத்த செம்புச் சொம்பு, கங்கைத் தண்ணீர். இங்கே சாமிக்கு அபிஷேகம் செய்துவிட்டு, சேதுவின் மணலை எடுத்துப்போய்த் திரிவேணியில் கரைப்பார்கள். இரண்டு நாள் பயணத்தில் அந்தச் சொம்பைக் கீழே வைக்கவில்லையாம். பாலத்தில் ரயில் ஊர்ந்தபோது எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். அவர் அசையவில்லை. அவருடைய பேத்தி, "தாத்தாவுக்குக் கடல் தெரியவில்லை" என்று நினைத்தாளோ என்னவோ, இரண்டு கையையும் விரித்து அலை மாதிரி ஆட்டிக் காட்டினாள். அவர் அதைப் பார்த்துச் சிரித்தார்.

சாயல்குடி_மருமகள் | 6 ஜனவரி 2025

அந்தச் சொம்பை நானும் இராமேஸ்வரத்தில் பார்த்திருக்கிறேன். கோயிலுக்குள் 22 தீர்த்தத்திலும் குளித்தவர்கள் ஒன்றைச் சொல்லுங்கள்: ஒவ்வொரு கிணற்றுத் தண்ணீரும் உடம்பில் வேறு வேறு மாதிரி விழுகிறதா? ஒன்று வெதுவெதுப்பு, அடுத்தது சில்லென்று. கிணற்று மேட்டில் நின்று வாளியை வீசி இறைக்கிறவர் குழந்தைகளுக்கு மட்டும் பாதி வாளியை மெதுவாகச் சாய்ப்பார். அதைக் கவனித்துப் பாருங்கள்.

வைகைக்கரை | 15 ஜூலை 2025

ஆறு மாதம் கழித்து இதே இழைக்கு வருகிறேன். மகள் விடவே இல்லை. தெற்குவாடி தம்பி எழுதியதை ஜனவரியிலேயே ஒரு நோட்டில் எழுதிவைத்து, "ஆனி எப்ப வரும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை மதுரையில் இருந்து பாசஞ்சரில் அவளை மட்டும் கூட்டிப்போனேன். டிசம்பரில் போனபோது புதுப் பாலம் வேலை முடிந்து சும்மா நின்றது, ரயில் மண்டபத்தோடு நின்றுவிடும். ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்தபின் இதுதான் எங்களுக்கு முதல் தடவை. 1914-இல் கட்டிய பழைய பாலம் நடுவில் இரண்டு கையாக விரிந்து கப்பலுக்கு வழி விடும். இதில் நடுத்துண்டு அப்படியே மேலே எழும்பும் என்று எதிரில் இருந்த தாத்தா தன் சாப்பாட்டு டப்பாவின் மூடியைத் தூக்கிக் காட்டி விளக்கினார்.

அரிச்சல்முனையில் வலது பக்கம் இரைச்சல் தாங்கவில்லை. தம்பி சொன்னது போல என் குரல் அவளுக்குக் கேட்கவில்லை, சைகையில்தான் பேசிக்கொண்டோம். இடது பக்கம் அசைவே இல்லை. ஆனால் கரையெல்லாம் பாசி ஒதுங்கி நாற்றம் அடித்தது, அதையும் சொல்ல வேண்டும். மகள் ரொம்ப நேரம் நடுவில் நின்றாள். அந்தக் கடலைக்காரர் அன்றைக்கு இல்லை. அவரிடம் சொல்ல வேண்டும் என்றுதான் வந்திருந்தாள்.

மீன் வறுக்கும் அம்மா இருந்தார். எங்களை அடையாளம் தெரியவில்லை. ஊற்று அதே இடத்தில் இல்லை, பத்துத் தப்படி தள்ளி வேறு குழி. வெயில் காலத்தில் தண்ணீர் இறங்கிவிட்டதாகவும் இப்போது இரண்டு சிரட்டைக்கு ஒருமுறை நிறுத்த வேண்டியிருக்கிறது என்றும் சொன்னார்.

தம்பி, அவளிடம் இன்னொரு கேள்வி இருக்கிறது. டிசம்பரில் ரோட்டுப் பாலத்தில் நின்று பார்த்தபோது, அடியில் தண்ணீர் ஆறு மாதிரி இடது பக்கத்தில் இருந்து வலது பக்கம் ஓடியதாம். இந்தத் தடவை ரயிலில் இருந்து பார்த்தால் வலதில் இருந்து இடதுக்கு ஓடுகிறது. இரண்டு தடவையும் நாங்கள் இராமேஸ்வரத்தைப் பார்த்துத்தான் போனோம். அவள் கண் தப்பா, கடல் அப்படித்தானா?

தெற்குவாடி | 15 ஜூலை 2025

அக்கா, பாப்பா கண் தப்பில்லை. அதை நாங்கள் நீவாடு என்போம். வாடைக் காலத்தில் வடகடல் தண்ணீரைக் காற்று தெற்கே தள்ளும், பாலத்துக்கு அடியில் இருக்கிற இடுக்கு வழியாகத்தான் அது போகணும். கச்சானில் தென்கடல் தண்ணீர் வடக்கே ஏறும். ஏற்ற வற்றத்தைப் பொறுத்து சில மணி நேரம் வேகம் கூடும், குறையும், சில சமயம் நின்றதுபோலக்கூட இருக்கும். நீவாடு பார்க்காமல் பாலத்துக்கு அடியில் வத்தையை விட்டால் தூணில் கொண்டுபோய் அடித்துவிடும். அப்பா முதலில் ஒரு தென்னை மட்டையைப் போட்டு, அது எந்தத் தூணுக்குப் பக்கத்தில் போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் விடுவார்.

அடுத்த தடவை வரும்போது முதல் நாளே இங்கே ஒரு வரி போடுங்கள். காலை ஆறு மணிக்குத் தெற்குவாடிக்குக் கூட்டி வாருங்கள், மட்டை நான் எடுத்து வைக்கிறேன். பாப்பாவே போட்டுப் பார்க்கட்டும். தம்பியையும் கூட்டி வாருங்கள்.